தம்பியைப் படத்துக்கு அழைத்துச் செல்கிறீர்களா?

சென்ற 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. துறையூரிலிருந்து பஸ் பிடித்து, என் தங்கையின் பிள்ளைகள் இருவரையும் திருச்சிக்குப் படம் பார்க்க அழைத்துச் சென்றேன். அக்கா ஒன்பதாம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து வயது. படம், அசுவின் குமார் இயக்கி ஜூலையில் வெளியான 'மகாவதார் நரசிம்மா' என்னும் கார்ட்டூன் படம். வீட்டில் பாட்டி சொல்லிச் சொல்லிப் பிரகலாதன் கதை தம்பிக்கு மனப்பாடம். ஆகவே பயப்படமாட்டான் என்று எண்ணினேன். இரணியன் கர்ஜித்தபோது அவன் பயப்படவும் இல்லை, முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். ஆனால் தூண் பிளந்து நரசிம்மர் வெளிப்பட்டாரே, அப்போது வீரிட்டு அலறிவிட்டான். கடைசிக் காட்சியை நானும் அவனும் கொட்டகைக்கு வெளியே நின்றுதான் 'கேட்டோம்'.

திரும்பும் வழியில், மண்ணச்சநல்லூர் தாண்டியதும் மெல்லக் கேட்டான்: "மாமா, தூண்லேர்ந்து வந்தது நல்லதா, கெட்டதா?"

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. நாமக்கல் குடைவரைக் கோயிலில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வதைக்கும் சிற்பத்தை இதே பையன் பார்த்திருக்கிறான். அதன் எதிரில் நின்று பொங்கல் சாப்பிட வேண்டும் என்று அடம் பிடித்தானே தவிர, அழவில்லை. சிற்பத்தில் இல்லாதது எது திரையில் இருந்தது?

முதலில், அசைவு. திரையில் உண்மையில் எதுவும் அசைவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வினாடிக்கு 24 நிலைப்படங்கள் வந்து போகின்றன. அவற்றை ஒரே ஓட்டமாக இணைத்துக் கொள்வது நம் மூளை. அதிலும் ஒருவகை அசைவு மூளைக்கு மிகவும் அவசரமானது. அது, ஒரு பொருள் கிடுகிடுவெனப் பெரிதாவது. நம்மை நோக்கி எறியப்பட்ட கல்லும் அப்படித்தானே பெரிதாகும்? எனவே விழிக்கோணம் விரைந்து விரிந்தால், யோசிப்பதற்கு முன்பே தலை பின்வாங்குகிறது, இமை மூடுகிறது. சில வாரமே ஆன கைக்குழந்தையிடமும் இதைக் காணலாம். கற்சிலை பெரிதாவதில்லை. தூணிலிருந்து புறப்பட்ட உருவமோ திரை நிரம்ப வளர்ந்தது.

எவ்வளவு பெரிது என்பது உட்காரும் இடத்தைப் பொறுத்தது. திரையில் உருவத்தின் உயரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அது ஏறத்தாழ 14 பாகைக் கோணத்தில் தெரியும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஆக, ஒன்றரை முஷ்டி. 6 மீட்டரில் அமர்ந்தவருக்கோ 53 பாகை! நாங்கள் மூன்றாம் வரிசையில் இருந்தோம். சீட்டு வாங்கியவன் நான்தான்.

அடுத்தது ஒலி. நாம் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். நவீன கொட்டகைகளின் ஒலியமைப்பு, திடீர் உச்சங்கள் 105 டெசிபல் வரை எழும்படி அமைக்கப்படுகிறது. இடையிலுள்ள 45 டெசிபல் பார்வைக்குச் சிறிய எண்தான். ஆனால் டெசிபல் மடக்கை அளவு அல்லவா? ஒலிச் செறிவில் அது முப்பதாயிரம் மடங்குக்கு மேல்! குழந்தைகளுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான எல்லை. உச்ச ஒலிகள் சில நொடிகளே நீடிப்பதால், ஒரு படம் காதைக் கெடுத்துவிடாது. அப்படிச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் இருட்டில், அமைதிக்குப் பின், உருவம் பெரிதாகும் அதே கணத்தில் அந்த ஒலி வந்தால் ஐந்து வயது உடல் அதை ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். தம்பியின் காதுகளைப் பொத்துவதற்கு உங்களுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன.

மூன்றாவதுதான் பையன் கேட்ட கேள்விக்கு விடை. அமெரிக்காவில் 'ஹல்க்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. சாதுவான ஒரு மனிதர் கோபம் வந்ததும் பச்சை நிற அரக்கனாக மாறி, நல்லவர்களைக் காப்பாற்றுவார். இதைப் பார்க்கும் குழந்தைகளை ஸ்பார்க்ஸ், கேன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளை மிகவும் அச்சுறுத்தியது, வில்லன் அல்ல. நாயகன் உருமாறும் காட்சி! பெரிய பிள்ளைகளுக்கு, உருமாறினாலும் இவர் நல்லவர் என்பது நினைவில் நிற்கிறது. சின்னஞ்சிறுவர்கள் கண்ணால் காண்பதையே நம்புகிறார்கள். கோரைப்பல் தெரிந்தால் கெட்டவன், அவ்வளவுதான். பாட்டியின் கதையிலும் சிங்க முகம் உண்டு. ஆனால் அதன் பருமனைத் தீர்மானித்தவன் அவன். தன்னால் தாங்கக்கூடிய அளவுக்கே ஒரு சிங்கத்தை அவன் கற்பனை செய்திருப்பான்.

இவை பயத்தைப் பற்றியவை. உடலுக்கே தீங்கு செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. அது அரிதானது என்றாலும் அறிந்திருக்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று மாலை, ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. அதில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு சுமார் 12 முறை மாறி மாறி, சில வினாடிகள் மின்னின. அன்று மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 685 பேர். பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். நம் மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சாதாரணமாக ஒவ்வொன்றும் தன்தன் வேலையைச் செய்கின்றன. சீரான மின்னல்கள் அவற்றை ஒரே தாளத்தில் இயங்க வைக்கக்கூடும். பாலத்தின் மீது சிப்பாய்கள் ஒரே காலடி வைத்து நடக்கக் கூடாது என்பார்களே, அது போல! ஏறக்குறைய நாலாயிரம் பேரில் ஒருவருக்கு இதனால் வலிப்பு வர வாய்ப்புண்டு. 2018-இல் 'இன்கிரெடிபிள்ஸ்' படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது, வில்லன் தோன்றும் மின்னும் ஒளிக் காட்சிகளுக்காகக் கொட்டகைகளில் எச்சரிக்கை ஒட்டும்படி டிஸ்னி நிறுவனமே கேட்டுக்கொண்டது.

திரை அப்படி மின்னத் தொடங்கிப் பக்கத்திலிருப்பவருக்குத் தலை சுற்றினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முகத்தையும் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். இரு கண்களையும் வெறுமனே மூடுவது போதாது. இமை வழியாகவும் ஒளி புகும். வீட்டில் யாருக்கேனும் வலிப்பு உண்டு என்றால் மருத்துவரைக் கேட்டபின் படத்துக்குப் போவதே நல்லது.

சரி, படம் முடிந்து வீடு வந்தாகிவிட்டது. இனிமேல்தான் எனக்கு உண்மையான கவலை. மறுவாரம் தாத்தாவின் துண்டை முதுகில் கட்டிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லிலிருந்து தம்பி 'பறந்தான்'. முழங்கால் சிராய்த்தது. அடுத்து எங்கிருந்து பறக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, மாடிப்படியின் கைப்பிடிச் சுவரைக் காட்டினான்!

1941-இல் சூப்பர்மேன் கார்ட்டூனாக வந்த நாள் முதல் இவ்வீரர்கள் செய்துவரும் ஒரு காரியத்தைக் கணக்கிடுவோம். பத்து மாடி உயரத்திலிருந்து, அதாவது 30 மீட்டரிலிருந்து ஒருவர் விழுகிறார். வீரன் தரைக்குச் சற்று மேலே அவரைக் கைகளில் ஏந்திவிடுகிறான். அப்போது அவருடைய வேகம் மணிக்கு சுமார் 87 கிலோமீட்டர். கைகள் தாழ்வது 30 சென்டிமீட்டர் என்றால், விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுங்கள்: 30-ஐ 0.3 ஆல் வகுத்தால் 100. எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் நூறு மடங்கு! 50 கிலோ மனிதர் மீது 5 டன் எடை ஏறியது போன்ற விசை. தரையில் விழுவதற்கும் வீரனின் கையில் விழுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. காப்பாற்ற வேண்டுமானால், அவன் கூடவே பறந்து 15 மீட்டர் தூரத்தில் சிறுகச் சிறுக வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போது இரண்டே மடங்குதான்.

இதே வகுத்தலைக் கைப்பிடிச் சுவருக்கும் போடலாம். உயரம் 2 மீட்டர். முழங்காலை மடக்கி 40 சென்டிமீட்டரில் நின்றால் 5 மடங்கு. காலை விறைத்து 4 சென்டிமீட்டரில் நின்றால் 50 மடங்கு. துண்டு தாங்காதா? ஒன்றரை மீட்டர் நீளத் துண்டு முழுவதும் குடைபோல் விரிந்தாலும், தரையைத் தொடும் வேகத்தில் காற்று அதற்குத் தரும் தடை 3 கிலோ எடைக்குச் சமம். பையனோ 16 கிலோ. கழுத்தில் முடிச்சுப் போட்ட துண்டு குடைபோல் விரிவதும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் ஐந்து வயதுக்கு எட்டாது, உங்களுக்கு எட்டும். ஆகவேதான் உங்களுக்கு எழுதுகிறேன். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகவிடாமல் அவனைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவன் அக்காவுடையதாயிற்று. படத்தின் சான்றிதழையும் பாருங்கள். 2024 முதல் 'யுஏ' என்பதோடு 7, 13, 16 என்று வயதும் குறிக்கிறார்கள். அந்த வயதுக்குட்பட்டவர்களை அழைத்துச் செல்வதா என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்.

தம்பியின் கேள்விக்கு நான் வாயால் விடை சொல்லவில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக 24 படங்கள் வரைந்தோம். முதலில் தூண், பிறகு விரிசல், கடைசியில் பிடரி மயிருடன் சிங்க முகம். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் நரசிம்மர் வெளிப்படுவார். இரண்டு தடவை பார்த்தான். பிறகு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, பின்னாலிருந்து முன்னால் விட்டான். சிங்கம் தூணுக்குள் போய்விட்டது. "மறுபடி வரச் சொல்லவா, மாமா?" என்று கேட்டான்.