லேத் மெஷினில் கையுறை போடக்கூடாதா? ஒர்க்‌ஷாப் போகும் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஒர்க்‌ஷாப்பில் பாதுகாப்பு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கையுறைதான். வெல்டிங்குக்கு அது சரி. ஆனால் லேத் ஓடும்போது கையுறை போடவே கூடாது. ஐடிஐ, பாலிடெக்னிக்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். காரணம் புரிந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

டிரில்லிங் மெஷினில் டூல் சுற்றும். லேத்தில் டூல் சும்மா நிற்கும், சக்கில் கவ்விய இரும்புத் துண்டு, அதாவது 'ஜாப்', சுற்றும். கூடவே அந்தக் கனமான சக்கும் சுற்றும்.

கையை இழுத்துக்கொள்ள முடியாதா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 25 மி.மீ. கம்பி ஒன்று 600 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. அப்படியென்றால் நொடிக்கு 10 சுற்று. கம்பியின் சுற்றளவு கிட்டத்தட்ட 8 செ.மீ. சட்டைக் கை அதில் மாட்டினால், 'ஐயோ' என்று உணர்ந்து பின்வாங்க எடுக்கும் அரை நொடிக்குள் 5 சுற்று முடிந்திருக்கும். 40 செ.மீ. துணி உள்ளே போயிருக்கும். மோட்டாரோடு இழுபறி நடத்தி ஜெயிக்கிற கை யாருக்கும் கிடையாது.

கையுறையும் அப்படித்தான். நுனி சிக்கினால் விரலோடு சேர்த்து இழுக்கும். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய சாமிக் கயிறு, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு, துப்பட்டா எல்லாமே இதே கணக்கில்தான் வரும். கயிற்றைக் கழற்ற மனசு வராதவர்கள் உண்டு. கழற்றி பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோவிச்சுக்காது. கையை மடித்துவிடுவதாக இருந்தால் முழங்கைக்கு மேல், இறுக்கமாக.

யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது என்ன?

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சம்பவம் இது. 22 வயது மாணவி ஒருவர், அடுத்த மாதம் பட்டம் வாங்க வேண்டியவர், இரவு நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரது தலைமுடி மெஷினில் சிக்கியது. கழுத்து நெரிபட்டு உயிரிழந்தார். ஓடிவந்து சுவிட்சை அணைக்க அருகில் யாரும் இல்லை.

பிறகு ஆய்வு செய்த ஓஷா எனும் அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு அமைப்பு, 1962-ல் தயாரான அந்த லேத்தில் தேவையான பாதுகாப்பு அமைப்புகள் இல்லை என்றது. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. ஆனால் மாணவர்கள் இதுபோன்ற மெஷின்களைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

தலைமுடியைப் பின்னினால் மட்டும் போதாது, பின்னல் முன்னால் சரியும். கொண்டை போட்டு தொப்பிக்குள் அடக்க வேண்டும். முடி வளர்க்கும் பசங்களுக்கும் இதே விதிதான்.

சக் கீ, பிசிறு, எமரி

ஜாபை இறுக்கிவிட்டு சக் கீயை அப்படியே சக்கில் விட்டு மெஷினை ஆன் செய்வது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கீ பறந்து வந்து முகத்தில் அடிக்கும். கீ சக்கில் இருக்கும்வரை கை கீயிலிருந்து எடுபடக்கூடாது என்பதுதான் பழகிக்கொள்ள வேண்டியது. கையை விட்டதும் தானே வெளியே துள்ளும் ஸ்பிரிங் வைத்த கீயும் கிடைக்கிறது. ஆன் செய்யும் முன் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், டூலில் இடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

டர்னிங் போடும்போது சுருள் சுருளாக வரும் பிசிறு பார்க்க அழகு. ஆனால் பிளேடு மாதிரி வெட்டும், சூடாகவும் இருக்கும். கையால் இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டு கொக்கியாலோ பிரஷ்ஷாலோ எடுங்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் துகள் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி இங்கே கட்டாயம்.

எமரி பேப்பரை ஓடும் ஜாப் மேல் சுற்றிப் பிடிப்பதை அனுபவசாலிகளே செய்வார்கள். பார்த்து அப்படியே செய்யாதீர்கள், பேப்பர் இறுகி விரலையும் உள்ளே இழுக்கும். வெர்னியர் வைத்து அளப்பது சக் முழுசாக நின்ற பிறகுதான்.

ஆஃப் செய்தால் உடனே நிற்குமா?

நிற்காது. பிரேக் இல்லாத லேத்தில் மோட்டார் அணைந்த பிறகும் சக் சில சுற்று ஓடித்தான் அடங்கும். அந்த நேரத்தில் உள்ளங்கையை வைத்து சக்கை நிறுத்தும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள் மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எமர்ஜென்சி பட்டன் எங்கே இருக்கு, அது வேலை செய்யுதா, ஒருதடவை அழுத்திக் காட்டுங்க சார். அழுத்திய பிறகு சக் எத்தனை சுற்று சுற்றி நிற்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.