எழுதிக் கொடுக்கும் முன் ஒரு வரி சேருங்கள்!

விருதுநகரை அடுத்த சூலக்கரை வட்டாரத்தில், கொஞ்சம் மானாவாரிக் கரிசலும் ஒரு ஓட்டு வீடும்தான் பல குடும்பங்களின் மொத்தச் சொத்து. பிள்ளைகள் பட்டாசு வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட, பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு நிலத்தைத் தரிசு விடாமல் காப்பது பெரியவர்கள்தான். எழுபதைத் தாண்டியதும், 'நமக்குப் பின்னால் பிள்ளைகளுக்குள் வழக்கு வேண்டாம்' என்று தானசெட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். குடும்பத்துக்குள் எழுதினால் பத்திரச் செலவும் குறைவு.

சிக்கல் வருவது, எழுதிக் கொடுத்தவர் பக்கவாதத்திலோ இடுப்பெலும்பு முறிந்தோ படுக்கையில் விழும்போது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். ஆனால், மாதக்கணக்கில் கூடவே இருந்து தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டுமே? அதற்கு எந்தக் காப்பீடும் இல்லை. நிலம் கையில் இருந்தால் குத்தகைக்கு விடலாம், அவசரத்துக்கு ஒரு பகுதியை விற்கலாம். பட்டா மாறிவிட்டால் இரண்டும் முடியாது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் பி.எம்.கிசான் தொகையும் நின்றுவிடும். ஒருதலையாகப் பத்திரத்தை ரத்து செய்யவும் வழியில்லை.

நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி ஒருவருக்கு இதுதான் நடந்தது. மகன் பெயருக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தார். மகன் இறந்த பிறகு மருமகளும் கவனிக்கவில்லை. மூதாட்டி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார், பத்திரம் ரத்தானது. மருமகள் மேல்முறையீடு செய்தும், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. பெற்றோர் பாசத்தால் எழுதிக் கொடுக்கும்போது, 'என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்' என்ற நிபந்தனையும் அதில் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

நல்ல தீர்ப்புதான். ஆனால், இதை நம்பி வெறும் பத்திரம் எழுதுவது, மழையை நம்பிக் கடன் வாங்குவது போலத்தான். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த நிபந்தனையை நிரூபிக்காததால், 2022 டிசம்பரில் ஒரு தாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 'கடைசிவரை பார்த்துக்கொள்வேன்' என்று மகன் எழுதிக் கொடுத்த உறுதிச்சீட்டு அவரிடம் இருந்தது.

ஆகவே, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே பத்திரம் எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள்: உணவு, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது; என் ஆயுள் வரை நிலத்தை அனுபவிக்கும் உரிமை எனக்கே; அதுவரை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. மகன் முகம் சுளித்தால், உயில் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதும் உயிலை ஆயுள் உள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை; ஆனால் பதிவது நல்லது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், 60 வயது நிரம்பியிருந்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். ரத்து கேட்பதோடு, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். ஜீவனாம்ச மனுவை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணமில்லை.