ஸ்கேன் நார்மல்... தலைவலி மட்டும் போகலையே!

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க டாக்டர். ஆனா குக்கர் விசில் கேட்டாலே தலை தெறிக்குது. டி.வி. வெளிச்சம் ஆகலை. அடுப்புல பால் வெச்சதே மறந்துபோகுது. வீட்டுல நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க..."

சொல்லும்போதே அழுதுவிட்டார், வங்கியில் பணிபுரியும் அந்தப் பெண்மணி. ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் நடிக்கவில்லை. தலையில் அடிபடும்போது மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. ரத்தக்கசிவோ எலும்புமுறிவோ இருந்தால் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். குலுங்கிய நரம்பு செல்களின் வேலை தடுமாறுவதை அது காட்டாது. இதைத்தான் 'கன்கஷன்' என்கிறோம். பெரியவர்களில் பலருக்கு இரண்டு வாரத்திலும், பிள்ளைகளுக்கு நான்கு வாரத்திலும் சரியாகிவிடும். சிலருக்குத்தான் தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை, எரிச்சல், மறதி என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

வீட்டில் ஒரு பக்கம் சந்தேகம். இன்னொரு பக்கம், "தலையில அடிபட்டவளாச்சே" என்று அவருடைய அம்மா இருட்டு அறையிலேயே படுக்க வைத்திருந்தார். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னோம். இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதன்பின் மெல்ல நடக்கத் தொடங்குபவர்களே சீக்கிரம் தேறுகிறார்கள்.

எவ்வளவு நடக்கலாம்? உங்கள் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போடுங்கள். நடக்கும்போது இரண்டு மார்க் வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அதற்கு மேல் போனால் அன்று நிறுத்திவிட்டு, மறுநாள் குறைத்து நடங்கள். படிப்பு, அலுவலகம், டி.வி. எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

விழுந்த வேகத்தில் கழுத்தும் சுளுக்கியிருக்கலாம். அதுவும் தலைவலி தரும். கழுத்துவலிக்கும் கிறுகிறுப்புக்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் தனிப் பயிற்சிகள் உண்டு. வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும், ஜாக்கிரதை!

"வர்மம் தட்டிவிடுங்க, மூக்குல நசியம் விடுங்க" என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: அடிபட்ட தலையையும் கழுத்தையும் அழுத்தவே கூடாது. நசியமும் வேண்டாம். முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நன்றாகத் தேறியபின் எண்ணெய்க் குளியல் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், மூக்கு அல்லது காதிலிருந்து நீர் வடிதல் - இவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தப் பெண்மணி பத்து நிமிட நடையில் தொடங்கினார். பிறகு அரை நாள் வேலைக்குப் போனார். இப்போது முழு நாளும் போகிறார். கணவரையும் மாமியாரையும் அழைத்து உட்காரவைத்து விளக்கிய அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாராம். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், முதலில் அவர்கள் சொல்வதை நம்புங்கள்.