நடுக்குவாதமும் நுண்கிருமியும்

1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபையை நம் வாசகர்களில் முதியோர் சிலர் கண்ணால் கண்டிருப்பர். மற்றையோர் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பர். சோஷலிஸ மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று அங்கே நிறைவேறிய தீர்மானம் நாடெங்கும் முழங்கிற்று. அதே வருஷத்தில், பூந்தமல்லியைக் கடந்து மேற்கே செல்லும் ராஜபாட்டையில் உள்ள வேலூரில் வேறொரு காரியம் நடந்தது. அதற்கு முழக்கம் ஏதும் இல்லை. வட ஆர்க்காடு ஜில்லாக் கிராமங்களிலிருந்து கடும் ஜுரத்தோடும் வலிப்போடும் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை அங்குள்ள கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் பரிசோதித்து, இது கொசுவினால் பரவும் வைரஸ் மூளைக் காய்ச்சலே என்று கண்டனர். ஜப்பான் மூளைக் காய்ச்சல் என்னும் வியாதி இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். மூன்று வருஷங்களுக்குப் பின் வேலூர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து அந்த வைரஸையே பிரித்தெடுத்தார்கள்.

இந்தப் பழங்கதையை இப்பொழுது எடுப்பானேன் என்று கேட்கலாம். வைரஸ் தொற்றினால் நடுக்குவாதம் உண்டாகுமா என்ற கேள்வியை உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களெல்லாம் இன்று எழுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த வழக்கில் சாட்சி சொல்லத் தக்கவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நம்மிடையே வாழ்ந்து வருகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். அவர்களை யாரும் இன்னும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கை நடுங்குதல், நடை சுருங்குதல் ஆகிய இவற்றை ஒரே வியாதியின் குறிகளாகச் சேர்த்து 1817-இல் எழுதியவர் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன். நம் வைத்தியர்கள் அதைக் கம்பவாதம், நடுக்குவாதம் என்பர். மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமாய்க் காணும் ஒரு சிறு பகுதியின் உயிரணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அந்த அணுக்கள் மடிவதே வியாதி. அவற்றில் பாதிக்கு மேல் அழிந்த பிறகுதான் விரல் நடுங்கத் தொடங்குகிறது. ஆகையால் இன்று நடுங்கும் கைக்குக் காரணத்தைத் தேடுவோர் பத்து வருஷமோ, ஐம்பது வருஷமோ பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளிலோ, “வயதாகிவிட்டது” என்ற ஒரே வார்த்தையில் விசாரணை முடிந்துவிடுகிறது.

வைரஸின்மீது சந்தேகம் விழுந்தது நேற்று அன்று. 1917-இல் வியன்னா நகரத்தில் வான் எகனாமோ என்ற வைத்தியர் ஒரு விசித்திர மூளைக் காய்ச்சலை வர்ணித்தார். நோயாளிகள் நாள் கணக்கில் தூங்கினர். பலர் தூக்கத்திலேயே மாண்டனர். பிழைத்தோரில் பலருக்குச் சில வருஷங்களுக்குள், வாலிபப் பிராயத்திலேயே, நடுக்குவாதம் கண்டது. அவ்வியாதி சுமார் பத்து வருஷம் உலகைச் சுற்றி வந்து மறைந்தது. அதற்கு ‘ஏ’ வகை என்று பெயரிட்டு, அதிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே ஜப்பான் மூளைக் காய்ச்சலை ‘பி’ வகை என்று அக்காலத்து வைத்தியர்கள் அழைத்தார்கள். பெயரிடும்போதே இரண்டையும் அருகருகே வைத்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

‘ஏ’ வகைக்குக் காரணம் இன்றளவும் புலப்படவில்லை. 1918-இல் நம் தேசத்தில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போன விஷஜுரமே அதுவும் என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால் பாதுகாத்து வைத்திருந்த பழைய நோயாளிகளின் மூளைத் துணுக்குகளைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட முடிவில், அந்த ஜுரத்தின் வைரஸ் அவற்றில் இல்லை என்று கண்டது. அன்றியும், தூக்க நோயில் பிழைத்தோரின் மூளையில் காணும் சிதைவு வேறு. பார்க்கின்ஸன் வியாதியில் காணும் சிதைவு வேறு. இரண்டுக்கும் வெளிக்குறி ஒன்றாயிருப்பினும் உள்வியாதி ஒன்றே என்று சாதிக்க இயலாது. இந்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டே மேலே செல்லவேண்டும்.

இடையில் ஒரு சிறு விஷயம். அந்தத் தூக்க நோயாளிகளில் எஞ்சியிருந்தோரை 1969-இல் நியூயார்க் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் எழுப்பி நடமாட வைத்த மருந்து லெவோடோபா. இன்றும் நடுக்குவாதத்துக்கு அதுவே பிரதான மருந்து. அந்தப் பொருளை நம் தோட்டத்து வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் பிரசுரித்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமஸ்வாமியும். அது இந்த வியாதிக்கு உதவும் என்று வியன்னாவில் கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் சென்றது. அக்காலத்தில் டோபமைனின் வேலையே யாருக்கும் தெரியாதாகையால் நம்மவர்மீது குற்றம் சொல்ல இடமில்லை. ஆயினும் கையில் இருந்ததன் பெருமையைப் பிறர் சொல்லக் கேட்கும் வழக்கம் இன்னொரு முறையும் நேரவேண்டுமா?

இனி ஜப்பான் மூளைக் காய்ச்சலைப் பார்ப்போம். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு நாரைகளிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வைரஸை ஏந்தி மனிதனுக்குக் கொடுக்கிறது. கடும் வியாதி கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாளுகின்றனர். பிழைத்தோரில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் வரை ஏதேனும் ஓர் ஊனத்தைச் சுமந்து வாழ்கின்றனர். இந்த வைரஸ் மூளையில் விரும்பிச் சென்று தங்கும் இடங்களில் ஒன்று, மேலே சொன்ன அந்தக் கருநிறப் பகுதியே. லக்ஷ்மணபுரி டாக்டர்கள் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், இக்காய்ச்சலுக்குப் பின் அப்பகுதி பிரதானமாகக் கெட்டு, பார்க்கின்ஸன் வியாதியின் குறிகளை அப்படியே காட்டிய நோயாளிகளைப் படம் பிடித்து நிரூபித்திருக்கின்றனர். ஆகவே வைரஸ் நடுக்குவாதக் குறிகளை உண்டாக்கக்கூடும் என்பது தர்க்கத்துக்குரிய விஷயமாக இல்லை. அந்தக் குறிகள் ஜுரத்தை அடுத்து உடனே தோன்றாமல், முதுமை வரை காத்திருந்து தோன்றக்கூடுமா என்பதுதான் தீராத கேள்வி.

அதற்கு ஜப்பானியர் 1997-இல் எலிகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்று சிந்தனையைத் தூண்டுகிறது. குட்டிப் பருவத்தில் இவ்வைரஸ் செலுத்தப்பட்ட எலிகள் பன்னிரண்டு வாரம் கழித்து நடை மந்தித்து நின்றன. கருநிறப் பகுதியின் அணுக்கள் அழிந்திருந்தன. லெவோடோபா கொடுத்தபோது தேறின. ஆனால் மூளையில் எவ்வளவு தேடியும் வைரஸ் அகப்படவில்லை. திருடன் கன்னம் வைத்துப் போன பிறகு வீட்டுக்குள் தேடுவதைப் போன்ற நிலை இது. முதியவர் மூளையில் வைரஸ் இல்லையே என்று காட்டி வழக்கைத் தள்ளிவிட முடியாமற் போவது இதனாலேதான்.

மேல்நாடுகளில் ஆராய்ச்சி பல முனைகளில் நடக்கிறது. டென்மார்க் தேசத்தில் சுமார் 10,000 நோயாளிகளின் பழைய வைத்தியக் குறிப்புக்களைப் புரட்டி 2021-இல் வெளியிட்ட கணக்கு, இன்ஃப்ளுயென்ஸா ஜுரம் கண்டவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து இவ்வியாதி வருவது சற்று அதிகம் என்று காட்டியது. 2025-இல் அமெரிக்காவில், இறந்துபோன பத்து நோயாளிகளின் மூளைகளைச் சோதித்ததில் ஐந்தில், தீங்கற்றது என்று எண்ணப்பட்டு வந்த பெகிவைரஸ் காணப்பட்டது. வியாதியில்லாத பதினான்கு மூளைகளில் ஒன்றிலும் இல்லை. பத்து மூளைகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. டென்மார்க் கணக்கும் சேர்க்கையைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தைக் காட்டவில்லை. கொரோனாவுக்குப் பின் நடுக்கம் கண்டவர்களைப் பற்றி 2020 முதல் சில குறிப்புக்கள் வந்தனவெனினும், அவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

மறுபக்கத்து வாதத்தையும் மறைக்கலாகாது. மாங்கனீஸ் தூசியையும் புகையையும் நெடுநாள் சுவாசித்தோருக்கு நடுக்குவாதம் போன்ற வியாதி வரும் என்பது 1837 முதல் தெரிந்த செய்தி. பற்றவைப்புப் பட்டறைகள் நிறைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இதை மறக்க முடியுமா? பூச்சிமருந்துகளும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. பரம்பரையும் உண்டு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே அணுக்களைக் கொல்லக்கூடும் என்பதுதான் நமக்குப் பொருத்தமாய்த் தோன்றுகிறது; பிள்ளைப் பிராயத்தில் வைரஸ் தட்டிப் பலவீனமாக்கிய இடத்தைப் பின்னர்ப் புகையோ முதுமையோ வீழ்த்தியிருக்கலாம்.

நம் சாட்சிகள் யார் என்று இப்பொழுது விளங்கும். தொழிற்பேட்டையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த 1960-களிலிருந்து வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு கிராமங்களினின்றும் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்து குடியேறினோர் பலர். இவ்வைரஸ் தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடும் வியாதி காண்கிறது. மற்றவர் சாதாரண ஜுரமென்றோ, ஜுரமே இல்லாமலோ கடந்துவிடுவர். அந்தக் கிராமங்களின் வயலோரத்தில் விளையாடிய குழந்தைகளுக்கு இன்று அறுபதும் எழுபதும் ஆகிறது. நடுக்குவாதம் தலைகாட்டும் வயது அதுவே. இன்னும் பதினைந்து வருஷம் சென்றால் விசாரிப்பதற்கு அவர்களில் பலர் இருக்கமாட்டார்கள்.

விசாரணை எளிதென்று நாம் சொல்லவில்லை. டெங்கு வைரஸும் ஜப்பான் வைரஸும் ஒரே குடும்பத்தவை. ஒன்றினால் உண்டான எதிர்ப்பொருளை மற்றொன்றினுடையதென்று ரத்தப் பரிசோதனை மயங்கும். ஆயினும் நடுக்கம் உள்ளவரையும் இல்லாதவரையும் சம வயதில் எடுத்துக்கொண்டு, பிறந்த கிராமம் எது, சிறுவயதில் வலிப்போடு ஜுரம் கண்டதுண்டா, என்ன தொழில் செய்தார் என்று கேட்டு எழுதிவைக்கக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. பூந்தமல்லியில் பொதுச் சுகாதாரப் பயிற்சிக்கென்றே சர்க்கார் ஸ்தாபனம் இருக்கிறது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. வரி விதிக்க வீட்டுக்கு வீடு போகத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் போகத் தெரியும். தேர்தல் காலத்தில் ஒரு வாக்காளரும் விடுபடாமல் பட்டியல் சரிபார்க்கும் நம் தொண்டர்கள் துணை நின்றால் மூன்று மாதத்து வேலை.

மற்றொன்றுக்கு ஆராய்ச்சி முடியும் வரை காத்திருக்கவேண்டியதே இல்லை. 2005-இல் கோரக்பூர்ப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகுதான், 2006 முதல் ஜப்பான் காய்ச்சலுக்குத் தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டது. நோய் காணும் ஜில்லாக்களில் ஒன்பது மாதத்தில் ஒன்றும் ஒன்றரை வயதையொட்டி ஒன்றுமாக இரண்டு ஊசிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த ஜில்லாக்களுக்குப் பிரசவத்துக்கென்று சென்று, குழந்தையோடு திரும்பும் பெண்கள் இப்பக்கத்துத் தெருக்களில் உண்டு. முதல் ஊசி அங்கே, இரண்டாவது தவறிப்போயிற்று என்ற நிலை அக்குழந்தைகளுக்கு நேரலாம். மேலும், இவ்வியாதியைப் பற்றிச் சர்க்கார் வெளியிடும் கணக்கில் கண்டவர் இத்தனை, மாண்டவர் இத்தனை என்ற இரு பத்திகளே முக்கியமாயிருக்கின்றன. பிழைத்த பிள்ளை பத்து வருஷம் கழித்து எவ்வாறு நடக்கிறான், முப்பது வருஷம் கழித்துப் பேனா பிடிக்க முடிகிறதா என்று எழுத மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும். அதைச் சட்டசபையில் கேட்கவேண்டியவர்கள் இத்தொகுதிகளின் அங்கத்தினர்கள்.