பால்கோவா தெரிந்தால் சிடிஎன் புரியும்: சின்னக் கடையின் வெப்சைட்டும் வேகமாகத் திறக்க என்ன வழி?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அதை வாங்க ஊருக்கே போக வேண்டியதில்லை. போனில் ஆர்டர் போட்டால் கூரியரில் வீட்டுக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம். அதன் பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவ பேண்டேஜ் துணி வெளிநாடுகளுக்கும் போகிறது. இனிப்போ துணியோ, வாங்குபவர் முதலில் பார்ப்பது போன் திரையைத்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பால்கோவா அனுப்ப நினைத்து ஒரு கடையின் வெப்சைட்டைத் திறக்கிறார். படம் வரவில்லை, வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மூடிவிடுகிறார். கடைக்கு ஒரு ஆர்டர் போச்சு. அப்படி ஒரு ஆர்டர் போனதே கடைக்காரருக்குத் தெரியாது.

இந்தச் சிக்கலுக்கான தீர்வுதான் சிடிஎன், அதாவது உள்ளடக்க விநியோக வலையமைப்பு.

ஏன் லேட் ஆகிறது?

முதல் காரணம் தூரம். கடையின் வெப்சைட் மும்பையில் உள்ள ஒரு கிளவுட் சர்வரில் இருக்கிறது என்போம். அங்கிருந்து நியூ ஜெர்சி நேர்கோட்டில் சுமார் 12,500 கிலோமீட்டர். கண்ணாடி இழை கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே ஒரு முறை போய்த் திரும்ப 125 மில்லிநொடியாவது ஆகும். கேபிள் நேராகப் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும்.

ஒரே ஒரு பயணத்தோடு வேலை முடிவதும் இல்லை. இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்புப் பூட்டுப் போட ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று என முதல் எழுத்து வருவதற்குள் குறைந்தது மூன்று பயணங்கள். அதற்குப் பிறகுதான் படங்கள் வரத் தொடங்கும்.

இரண்டாவது காரணம் கூட்டம். பண்டிகை நாளில் ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து நின்றால், ஒற்றை சர்வர் திணறிவிடும்.

சிடிஎன் என்ன செய்கிறது?

பால்கோவா கிண்டுவது ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்பில்தான். ஆனால் சென்னையில் ஒரு கடையில் நாலு பெட்டி இருப்பு வைத்திருந்தால், சென்னைக்காரர் பஸ் ஏற வேண்டியதில்லை. சிடிஎன் செய்வதும் இதே வேலைதான். மூல சர்வர்தான் அடுப்பு. உலகின் பல நகரங்களில் இருக்கும் 'எட்ஜ்' சர்வர்கள் கிளைக் கடைகள். அங்கே வைக்கப்படும் நகலுக்குப் பெயர் 'கேச்'.

நியூயார்க் பகுதியில் முதல் ஆள் படத்தைக் கேட்கும்போது அங்கே இருப்பு இருக்காது. இது 'மிஸ்'. எட்ஜ் சர்வர் மும்பையில் இருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்து வருபவருக்கு அங்கிருந்தே கிடைத்துவிடும். இது 'ஹிட்'. பால்கோவா பெட்டியில் கெடு தேதி இருப்பதுபோல், நகலுக்கும் ஒரு ஆயுள் உண்டு. அதை 'டிடிஎல்' என்பார்கள். அந்த நேரம் முடிந்ததும் புதுச் சரக்கு இருக்கிறதா என்று எட்ஜ் மறுபடி மூல சர்வரிடம் கேட்கும்.

இந்த யோசனை புதிதல்ல. இணையம் வளர வளர நெரிசல் பெரிய பிரச்சினையாகும் என்று வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1995-லேயே எம்ஐடியில் எச்சரித்தார். அதே எம்ஐடியில் இருந்த டாம் லெய்ட்டன், டேனியல் லெவின் இருவரும் அதற்கு விடை தேடப் போய் 1998-ல் அகமாய் நிறுவனம் பிறந்தது. அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் 2008-லும் கிளவுட்ஃபிளேர் 2010-லும் வந்தன. இந்த இரண்டுக்கும் இன்று சென்னையிலும் எட்ஜ் இருக்கிறது. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்க்க முடிந்தது என்றால், அதன் பின்னால் நிற்பதும் சிடிஎன்தான்.

எப்படி இணைப்பது?

1. முதலில் படங்களைச் சுருக்குங்கள். போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றினால், எந்த சிடிஎன்னாலும் முழுப் பலன் கிடைக்காது.

2. சிடிஎன் நிறுவனத்தில் கணக்கு தொடங்கி டொமைனைச் சேருங்கள். பிறகு டொமைன் வாங்கிய இடத்தில் நேம்சர்வரையோ, டிஎன்எஸ் பதிவையோ மாற்ற வேண்டும். நேம்சர்வரை மாற்றும் முன், இமெயிலுக்கான பதிவுகளும் புது இடத்துக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் மெயில் வருவது நின்றுவிடும்.

3. எச்டிடிபிஎஸ் பூட்டு இரண்டு பக்கமும் வேண்டும். வாடிக்கையாளர் முதல் எட்ஜ் வரை ஒன்று, எட்ஜ் முதல் மூல சர்வர் வரை இன்னொன்று. முதல் பாதி மட்டும் போதும் என்று விடுவது ஆபத்து.

4. எதை, எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று விதி போடுங்கள். படம், எழுத்துரு, கேட்டலாக் பிடிஎஃப் ஆகியவற்றை நீண்ட நாள் வைக்கலாம். விலைப் பக்கத்துக்குச் சில நிமிடங்கள் போதும்.

5. பல நிறுவனங்களில் இலவசத் திட்டமோ, குறிப்பிட்ட அளவு வரை இலவசமோ உண்டு. அதைத் தாண்டினால் எத்தனை ஜிபி போனதோ அதற்கேற்பப் பணம் பிடிக்கும் திட்டங்களும் உண்டு. அதனால் பில் எச்சரிக்கையை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

எதை கேச் செய்யவே கூடாது?

கார்ட், லாகின், முகவரி, பணம் கட்டும் பக்கம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒருவருக்காகத் தயாரான பக்கத்தை எட்ஜ் சேமித்து அடுத்தவரிடம் நீட்டினால் விபரீதம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் கேம் விற்பனைத் தளத்தில் இதேதான் நடந்தது. சைபர் தாக்குதலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேச் அமைப்பு தவறிப்போய், சிலருக்கு மற்றவர்களின் கணக்குப் பக்கங்கள் தெரிந்தன. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டதாக அதை நடத்தும் வால்வ் நிறுவனம் சொன்னது.

விலையை மாத்தியாச்சு, பழசே காட்டுதே?

பழைய நகலின் ஆயுள் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். சிடிஎன் பக்கத்தில் 'பர்ஜ்' என்ற பொத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் குறிப்பிட்டு நகலை அழித்துவிடலாம். படம் மாறினால் ஃபைல் பெயரையும் மாற்றிவிடுவது இன்னும் நல்லது. புதுப் பெயருக்குப் பழைய நகல் இருக்காது.

சிடிஎன்னே படுத்துவிட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி முடங்கியபோது கார்டியன், நியூயார்க் டைம்ஸ், பிரிட்டன் அரசுத் தளம் என வரிசையாக விழுந்தன. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் கோளாறில் எக்ஸ், சாட்ஜிபிடி வரை தடுமாறின. அப்படி ஒரு நாளில் ஆர்டர் வாங்க ஒரு வாட்ஸ்அப் எண்ணும் போன் நம்பரும் இருப்பது சின்னக் கடைக்குப் பெரிய பலம்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் எடுப்பவருக்கு இது வேண்டாம். ஷாப்பிஃபை போன்ற தளங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு சிடிஎன் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. சொந்த சர்வர், நிறையப் படங்கள், வெளியூர் அல்லது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்று இருப்பவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

இணைத்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் லிங்க்கை அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை திறக்கும்போது அவர் போன் முதல் முறையின் நகலையே காட்டக்கூடும். அதனால் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் போனில் திறந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. அங்கேயும் வட்டம் சுத்தாமல் படம் வந்துவிட்டால், இருப்பு கிளைக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைத் தீபாவளி வாரத்தில் செய்யாமல், ஒரு மாதம் முன்பே செய்து பார்ப்பது நல்லது.