புற்றுநோய் மாத்திரையும் ரத்தக் கொதிப்பும்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, மாயவரம், புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளுக்கும் இருப்புப் பாதைகள் பிரிந்து செல்கின்றன. புதுச்சேரி வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் காட்பாடியில் போய் இறங்குவதில்லை. மருந்து செய்யும் பிரயாணமோ வேறு விதமானது. எந்த நோயை உத்தேசித்து விழுங்கினாலும், மாத்திரை ரத்தத்தில் கலந்தவுடன் உடம்பின் சகல திசைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உத்தேசித்த இடத்தில் நன்மை செய்துகொண்டிருக்கும்போதே, உத்தேசியாத இடத்தில் அது தொல்லை விளைவிக்கவும் கூடும். மார்பகப் புற்றுநோய்க்காகக் கொடுக்கப்படும் ஹார்மோன் மாத்திரை சில ஸ்திரீகளுக்கு ரத்தக் கொதிப்பை உண்டாக்குவது இவ்வகையைச் சேர்ந்ததே.

இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத என்ன அவசியம் என்று நேயர்கள் கேட்கலாம். திண்டிவனத்தில் வசிக்கும் ஓர் அம்மாளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபது. புதுச்சேரி ஜிப்மரிலோ அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ சத்திர சிகிச்சை முடிந்து, ஐந்து வருஷம் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழிகிறது. தலை சுற்றுகிறதே என்று உள்ளூர் டாக்டரிடம் போகிறார். ரத்த அழுத்தம் 160-க்கு 100 என்று தெரிகிறது. "எல்லாம் அந்த மாத்திரையினால் வந்த வினை" என்று அண்டை வீட்டார் தீர்ப்புக் கூறுகிறார்கள். அம்மாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இந்த அம்மாள் நாம் கற்பித்துக்கொண்டவர்தாம். ஆனால், இப்படி நடுவில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். நிறுத்துவதனால் நேரக்கூடிய கேடு எவ்வளவு பெரிது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் இந்த மாத்திரை செய்யும் வேலையைப் பார்ப்போம். 1896-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்ஸன் என்னும் டாக்டர் ஓர் அதிசயமான செய்தியை வெளியிட்டார். மார்பகத்தில் புற்று முற்றியிருந்த ஸ்திரீகளின் சினைப்பைகளை எடுத்துவிட்டபோது, மார்பிலிருந்த கட்டி சுருங்கிற்று என்பதே அந்தச் செய்தி. எங்கேயோ இருக்கும் சினைப்பைக்கும் மார்பிலுள்ள கட்டிக்கும் என்ன சம்பந்தம்? 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-ல்தான் பிறந்தது. சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பல மார்பகப் புற்றுகளுக்கு உரமாக அமைகிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. ஆகவே, கட்டியின் துணுக்கைப் பரிசோதித்து, அது ஹார்மோனை ஏற்கும் தன்மையுள்ளதா என்று அறிந்த பிறகே இந்தச் சிகிச்சையை ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஹார்மோன் வந்து புகும் வாசலிலேயே குறுக்கே நின்று தடுப்பது ஒரு வழி. டமாக்ஸிஃபென் என்ற மருந்து செய்வது இதுதான். ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்துவது மற்றொரு வழி. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு அற்றுப்போவதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் பொருளை, கொழுப்புத் தசையிலுள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அனஸ்ட்ரஸோல், லெட்ரஸோல், எக்ஸிமெஸ்டேன் என்னும் மாத்திரைகள் அந்த நொதியின் வேலையை நிறுத்திவிடுகின்றன.

இனி ரத்தக் கொதிப்பைப் பற்றிப் பார்ப்போம். ஈஸ்ட்ரோஜன் புற்றுக்கு உரமாகிறது என்பதற்காக அதை முழுத் துஷ்டன் என்று சொல்லிவிட முடியாது. ரத்தக் குழாய்கள் விறைத்துப் போகாமல் இளகியிருக்க அது உதவுகிறது. மாதவிலக்கு நின்ற ஸ்திரீகள் பலருக்கு ரத்த அழுத்தம் ஏறுவதற்கு அதன் குறைவும் ஒரு காரணம். மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் மருந்து துடைத்துவிட்டால் குழாய்கள் மேலும் சற்று இறுகக்கூடும். மாதவிலக்கு நின்ற ஸ்திரீகளிடம் அனஸ்ட்ரஸோலையும் டமாக்ஸிஃபெனையும் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றில், முன்னதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கும், பின்னதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும் ரத்தக் கொதிப்பு காணப்பட்டது. வித்தியாசம் உண்டு, ஆனால் பயந்து நடுங்கும்படியான வித்தியாசம் அன்று. இந்த 13 பேரிலும் பலருக்கு வயது, பருமன், பரம்பரை ஆகியவற்றால் மாத்திரை இல்லாமலே கொதிப்பு வந்திருக்கக்கூடும்.

தராசின் மற்றத் தட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். ஹார்மோனை ஏற்கும் வகைப் புற்று உள்ளவர்கள் ஐந்து வருஷம் டமாக்ஸிஃபென் சாப்பிட்டால், அந்நோயினால் நேரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சாப்பிட்டு முடித்த பின்னரும் அந்தப் பயன் பல வருஷங்கள் தொடர்கிறது. ரத்தக் கொதிப்பை அடக்க மலிவான மருந்துகள் பல இருக்கின்றன. திரும்பி வந்த புற்றை அடக்குவது அவ்வளவு சுலபமன்று. ஆகவே மாத்திரையையும் விடக்கூடாது; கொதிப்பையும் விட்டுவைக்கக் கூடாது. கவனியாமல் விட்ட ரத்தக் கொதிப்பு பக்கவாதத்திற்கும் மாரடைப்பிற்கும் வழி காட்டும்.

பலரும் அறியாத மற்றோர் எதிரியும் இங்கே ஒளிந்திருக்கிறது. அரோமடேஸை அடக்கும் மாத்திரைகள் பல ஸ்திரீகளுக்குக் கைவிரல்களிலும் முழங்கால்களிலும் வலியைக் கொடுக்கின்றன. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடிவதில்லை. உடனே மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் முதலிய வலி மாத்திரைகளை வாங்கித் தாமே சாப்பிடுகிறார்கள். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. கொதிப்புக்காகச் சாப்பிடும் மருந்தின் வலிமையையும் இவை குறைத்துவிடும். பழியை ஹார்மோன் மாத்திரையின் தலையில் போடுமுன், வீட்டு அலமாரியில் இருக்கும் இந்த மாத்திரைகளை ஒரு முறை பார்ப்பது நலம். வலிக்கு என்ன சாப்பிடலாம் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தினந்தோறும் அரை மணி நேரம் நடப்பது மூட்டு வலி, கொதிப்பு இரண்டையும் தணிக்கும் என்பது பலர் கண்ட உண்மை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தின் உப்பளங்கள் புகழ்பெற்றவை. 1930-ல் உப்புக்காக வேதாரண்யம் வரை நடந்து சிறை சென்ற தமிழர்களின் சந்ததியார் நாம். அதற்காக, காய்ச்சி எடுத்த உப்பு அத்தனையையும் நாமே சாப்பிட வேண்டியதில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது. ஒரு சிறு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றில் மறைந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

ரத்த அழுத்தத்தை அளப்பதிலும் ஒரு முறை உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு அளந்தால் சரியான கணக்குக் கிடைக்காது. காப்பி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய கொதிப்பு என்று அர்த்தம். சத்திர சிகிச்சையின்போது அக்குளிலிருந்து நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், மறு கையில் அளக்கச் சொல்வது டாக்டர்களின் வழக்கம். மார்வலி, மூச்சுத் திணறல், வாய் குழறுதல், கைகால் திடீரென்று சோர்தல் இவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் வெகுதூரம் போக வேண்டுமோ என்றால், வேண்டியதில்லை. தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தென்னாற்காட்டு நோயாளிகளுக்குச் சென்னைப் பிரயாணமே கதி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி 2010-ல் ஏற்பட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 ஆகஸ்டு 5-ம் தேதி தொடங்கியது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அழுத்தத்தை அளந்துகொள்ளலாம்.

குறை ஒன்றே ஒன்றுதான். புற்றுநோய் டாக்டர் ஓர் ஊரில் இருக்கிறார். கொதிப்பைப் பார்க்கும் டாக்டர் வேறோர் ஊரில் இருக்கிறார். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவே தூது செல்ல வேண்டியது குடும்பத்தாரே. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையின் பெயர்களையும் அதில் எழுதி வையுங்கள். கடையில் தாமாக வாங்கியதையும் விடாதீர்கள். அளந்த தேதியையும் கணக்கையும் எதிரே குறியுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் புத்தகத்தை முதலில் நீட்டுங்கள். கொதிப்பு அதிகமானால் மருந்தை மாற்றலாமா, கூட்டலாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அண்டை வீட்டாருக்கு அந்த அதிகாரம் வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அபூர்வம். தாயாருக்காக வாரம் ஒரு வரி எழுதுவது அவர்களுக்குப் பெரிய பாரமாகாது. அந்த ஒரு வரி, தாயார் பாதியில் விட்டுவிடக்கூடிய ஐந்து வருஷச் சிகிச்சையைப் பூர்த்தியாக்கும்.