வாயில்லா ஜீவனுக்கு வைக்கோல் தானம்

பிரதோஷ மாலையில் நந்தியெம்பெருமானின் அபிஷேகம் கண்டு, திரும்பும் வழியில் ஒரு பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்து வணங்குவது நம் பெரியோர் போற்றிவரும் நியமம். அந்தக் கீரை பசுவுக்குச் சில நிமிட ஆகாரம். மீதிப் பொழுதெல்லாம் அதன் வயிற்றை நிறைப்பது வைக்கோலே. கோயிலில் யாரும் கையிலேந்திக் கொண்டுவராத அந்த எளிய பொருளைக் குறித்து இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

திருமூலர் வரலாறு அனைவரும் அறிந்ததே. கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூர் அருகே மேய்ப்பன் மூலன் உயிர்நீத்துக் கிடக்க, அவனைச் சுற்றி நின்று பசுக்கள் கண்ணீர் உகுப்பதைக் கண்டார். அவற்றின் துயர் பொறாது மூலனின் உடலிற் புகுந்தார். எழுந்த மேய்ப்பனைக் கண்டு பசுக்கள் மகிழ்ந்தன, மேய்ந்தன. அதன் பின்னரே திருமந்திரம் பிறந்தது. எல்லோராலும் இயலக்கூடிய அறங்களை எடுத்துரைக்கும்போது, பசுவுக்கு ஒரு வாய் உணவு அளிப்பதையும் அந்நூலில் அவர் சேர்த்து வைத்தார்.

அந்த ஒரு வாய் உணவு எதுவாக இருக்கவேண்டும் என்பதில்தான் அன்பர் பலர் தவறிவிடுகின்றனர். மாட்டுப் பொங்கலன்றும் விசேஷ நாட்களிலும் சோறும் சர்க்கரைப் பொங்கலும் பழமுமாகப் பசுவுக்கு அள்ளி ஊட்டுகின்றனர். அசைபோடும் பிராணியின் வயிறு நார்த்தீவனத்துக்கென அமைந்தது. சோறு மிகுந்தால் வயிற்றில் அமிலம் பெருகும், வயிறு உப்பும், பசு தரையில் சாய்ந்து உயிரையே இழப்பதும் உண்டு. பக்தியோடு இட்ட உணவே பசுவின் உயிருக்கு உலையாவதைவிடப் பெரிய துயரம் வேறில்லை.

நெய்வேலியைச் சுற்றி ஓரிரு மாடுகளை வளர்ப்போர்க்கு வைக்கோல் எளிதாகக் கிடைப்பதில்லை. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் சுரங்கத்துக்கெனப் பல ஊர்களின் நிலங்கள் சென்றன. அவற்றோடு மேய்ச்சல் வெளிகளும் சுருங்கின. எஞ்சிய செம்மண் நிலங்களில் முந்திரியும் மணிலாவும் மிகுதி. நெல் விளையும் வயல்களோ தெற்கே சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரியின் பாசனத்தில் உள்ளன. அங்கிருந்து வண்டியேறி வரும் வைக்கோலுக்கு விலையோடு வாடகையும் சேர்கிறது. வாங்க இயலாத முதிய தம்பதியர், பிள்ளைபோல் வளர்த்த பசுவை விற்க நேர்கிறது.

இதற்கு முதல் பரிகாரம், காலமறிந்து வாங்குவதே. சம்பா அறுவடையாகும் தை, மாசியில் வைக்கோல் மிகுதியாகவும் நன்கு காய்ந்தும் கிடைக்கும், விலையும் தணிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேடினால் விலை ஏறியிருக்கும். நனைந்த சரக்கே கைக்கு வரும்.

எவ்வளவு தேவை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கிலோ உலர்பொருள் வேண்டும். பசுந்தீவனமும் சிறிது தவிடும் பிண்ணாக்கும் கொடுப்போர்க்கு வைக்கோல் 5 கிலோ போதும். ஆண்டுக்கு 1,825 கிலோ. 20 கிலோ கட்டுகளாயின் 92 கட்டுகள். அவ்வளவும் வாங்க வசதியில்லாதோர், புரட்டாசி முதல் மார்கழி வரையிலான நான்கு மாதத்துக்கு மட்டும் 30 கட்டுகளை மாசியிலேயே சேர்த்துவிட்டால் இடர்ப்பாடு பாதி நீங்கும்.

முன்னாளில் கதிர் அடித்த வைக்கோலைப் போராக வேய்ந்தனர். இன்று அறுவடை இயந்திரம் உதிர்த்துச் செல்வதை, மற்றோர் இயந்திரம் உருளைக் கட்டுகளாகக் கட்டித் தருகிறது. முதியோர் சிறிய கட்டுகளையே கேட்டு வாங்குதல் நலம். உருட்டிச் செல்லலாம், ஒருவரே அவிழ்க்கலாம். கட்டின் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசலாகாது. 15 கிலோ கட்டும் 25 கிலோ கட்டும் தோற்றத்தில் அதிகம் வேறுபடுவதில்லை. இரண்டொன்றை எடைபோட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று காண்பதே முறை.

கட்டின் நடுவே கைவிட்டுப் பார்த்தலும் அவசியம். உள்ளே சூடோ ஈரமோ, பூஞ்சை வாடையோ இருப்பின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூஞ்சை பிடித்த வைக்கோல் பசுவுக்கு நஞ்சு. வாங்கியதைக் கல் அல்லது பலகை மீது தரைபடாமல் அடுக்கி, மேலே சரிவாகக் கூரையிட்டு, பக்கங்களில் காற்றுப் புக வழிவிட வேண்டும்.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. அது வயிற்றை நிறைக்குமேயன்றி உடலை வளர்க்காது. இக்குறையை நிறைக்கும் பொருள் நெய்வேலிப் பக்கத்திலேயே விளைகிறது. மணிலா பிடுங்கியபின் காயும் கடலைக்கொடி வைக்கோலினும் சத்துமிக்கது. இரண்டையும் கலந்து கொடுத்தால் பசு விரும்பி உண்ணும். வேலியோரம் நட்ட அகத்தியும் கைகொடுக்கும்.

தனியொருவர் ஒரு வண்டி வைக்கோலை வரவழைப்பது சுமைதான். நான்கு வீட்டார் சேர்ந்து வரவழைத்தால் வாடகை நான்காய்ப் பிரியும். வேலுடையான்பட்டு முருகனுக்கும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் நேர்ந்துகொள்ளும் அன்பர்கள், பிறந்தநாளிலும் பெற்றோர் திதியிலும் ஒரு கட்டு வைக்கோலைக் கோசாலைக்கோ, பசு வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்கோ அளிக்கலாம். கோதானம் அளிக்க எல்லோர்க்கும் இயலாது. இருக்கின்ற பசுவை விற்காமல் காக்க ஒரு கட்டு வைக்கோல் அளிக்கப் பலர்க்கும் இயலும்.

நெய்வேலிக்கு அருகே வடலூரில் வள்ளற்பெருமான் 1867-இல் தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. பசித்தவர் வருமுன்பே அரிசியும் விறகும் அங்கே காத்திருப்பதால்தான் அது இயல்கிறது. பசி வந்தபின் தேடுவது இரக்கம். வருமுன் சேர்த்து வைப்பது அறம். வாய் திறந்து கேட்க அறியாத பசுவின் பொருட்டு, வரும் மாசியில் அந்த அறத்தை நம் வீட்டுத் தொழுவத்திலிருந்தே தொடங்குவோமாக.